சாமைக் காடும் சேற்று வயலும்

கொல்லிமலையில் எங்கள் பள்ளத்து வயலில் நெல், சரிவில் ஒரு காலத்தில் சாமை. நடவு வயலில் காலை அழுத்தினால் சேறு குமிழ் குமிழாகக் கொப்பளிக்கும். அந்தக் குமிழ்களில் மீத்தேன் இருக்கிறது. தேங்கிய நீருக்கடியில் காற்றில்லாமல் மட்கும் தழையிலிருந்து நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. பெரும்பகுதி நெல்லின் தண்டு வழியாகவே வெளியேறும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பமூட்டும் வாயு. நீர் நிற்காத சாமைக் காட்டில் இந்தத் தொல்லை இல்லை.

அந்தச் சாமையைச் சில பத்தாண்டுகளில் மரவள்ளி விழுங்கிவிட்டது. அதன் கிழங்குக்கு ஜவ்வரிசி ஆலைகள் காசு தந்தன. யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. மரவள்ளியும் மேட்டுப் பயிர்தான், ஆனால் ஆலைக் கழிவுநீர் குட்டையில் தேங்கினால் மீத்தேன் அங்கே கிளம்பும். மூடிய கலனில் பிடித்தால் எரிபொருள்.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டாலே மீத்தேன் நன்றாகக் குறையும். சாமை திரும்ப வேண்டுமானால், அதன் உமியை நீக்கப் பெண்கள் கையால் இடிக்கும் சுமை குறைய வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பெண்கள் குழுக்களுக்குத் தோல் நீக்கும் இயந்திரம் தந்தது அதற்காகத்தான்.