கொசுப்புழுவின் மூச்சை அடையுங்கள்!

சாயங்காலமே கதவு, ஜன்னலைச் சாத்தியாச்சு. கொசுவத்தியும் கொளுத்தியாச்சு. அப்படியும் ராத்திரி காதோரம் ‘ஙொய்’ என்கிறதா? அந்தக் கொசு உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே பிறந்ததாக இருக்கலாம்!

டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். ராத்திரி கடிக்கிற க்யூலெக்ஸ் கொசுவுக்கோ அழுக்குத் தண்ணீர்தான் பிரசவ ஆஸ்பத்திரி. நூறு, இருநூறு முட்டைகளைத் தெப்பம் போல ஒட்டி மிதக்கவிடும். நம் ஊர் வெயிலுக்குப் பத்தே நாளில் கொசு ரெடி. யானைக்கால் நோயைப் பரப்புவதும் இதுதான்.

ஓமலூர் போன்ற ஊர்களில் பல வீடுகளின் கழிவறைத் தண்ணீர் செப்டிக் டேங்குக்கும் உறிஞ்சுகுழிக்கும்தான் போகிறது. டேங்கின் காற்றுக்குழாய் வாய் திறந்தே இருக்கிறதா, பாருங்கள். கொசு போக, வர அதுதான் ராஜபாட்டை. நைலான் வலையை வைத்து இறுக்கிக் கட்டுங்கள். மூடியில் விரிசல் இருந்தால் சிமெண்ட் பூசுங்கள். தெருவில் அடிக்கிற புகை மருந்து பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தொட்டிக்குள் நெளிகிற புழுவை ஒன்றும் செய்யாது.

அந்தப் புழுவுக்கு ஒரு பலவீனம் உண்டு. தண்ணீரில் தலைகீழாகத் தொங்கி, வால் பக்கக் குழாயை மேலே நீட்டித்தான் மூச்சு விடும். மேற்பரப்பை மூடினால் ஆள் காலி! 1988-ல் ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில், மக்குண்டுச்சி என்ற ஊரின் கழிவறைக் குழிகளில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய தெர்மாகோல் மணிகளைக் கொட்டினார்கள். மருந்து மாதிரி தீர்ந்துபோகாமல் மணிகள் மிதந்துகொண்டே இருந்தன. கொசு 98 சதவீதம் குறைந்தது. நம் திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் மதுரை ஆய்வு மையத்தார் உறிஞ்சுகுழிகளில் இதைச் செய்தார்கள். யானைக்கால் மாத்திரை மட்டும் கொடுத்த கிராமங்களைவிட, கொசுவையும் ஒழித்த கிராமங்களில் பலன் நிலைத்தது.

ஆசைப்பட்டுத் திறந்த சாக்கடையில் மணியைக் கொட்டிவிடாதீர்கள். அடித்துக்கொண்டு போய் சரபங்கா ஆற்றில்தான் சேரும். மூடிய, நிறைந்து வழியாத குழிக்கு மட்டுமே அது சரி.

திறந்த கழிவுநீர்க் குளத்துக்கு வேறு வைத்தியம். நடுக்குளத்தில் காற்று அலையடிப்பதால் புழு அதிகம் தங்காது. கரையோரப் புல்லும் ஆகாயத்தாமரையும்தான் அதற்குத் தொட்டில். செடியை அரித்தெடுத்து, கரையைச் செங்குத்தாக வெட்டிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. ஓரளவு தெளிந்த கடைசிக் குளத்தில் கப்பி மீன் விடலாம். கெட்டியான சாக்கடையில் அது பிழைக்காது.

ஒரு முக்கியமான விஷயம். வலை கட்டுகிறேன், மணி போடுகிறேன் என்று டேங்குக்குள் தலையை நீட்டாதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். உள்ளே இருக்கிற விஷவாயு நிமிஷத்தில் ஆளைச் சாய்த்துவிடும். டேங்க் லாரி வந்து உறிஞ்சும்போது வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். லாரி போன கையோடு மூடியைப் பூசிவிடுங்கள்.