பல்லிக்குப் பத்தியம்

“அக்கா, உங்களுக்குப் பல்லியெண்டால் அருவருப்போ?” என்று கேட்டபடி கதவருகே நின்றாள் ஏழாவது மாடித் தங்கச்சி. நவம்பர் மாதம். ஸ்கார்பரோவில் முதல் பனி விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

எனக்கென்ன அருவருப்பு? நான் காஞ்சிபுரத்துக்காரி. வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட ஊர் ஊராக ஜனங்கள் வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள். பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பலன் சொல்லும் பஞ்சாங்கம் எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. ஆனால் பல்லிக்கு வைத்தியம் பார்க்க நேரும் என்று எந்தப் பஞ்சாங்கமும் எனக்குச் சொல்லவில்லை.

அவளுடைய மகன் பதின்மூன்று வயதில் அடம்பிடித்து வாங்கிய செல்லம் அது. செப்டம்பரில் அவன் வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான். “எனக்குத் தொடப் பயமக்கா. வாரத்துக்கு ஒருக்காப் புழு போட்டனான். பிறகு அது சாப்பிடேல்லை. செத்துப்போச்சோ எண்டு பாத்தால், கண்ணைக்கூடத் திறக்குதில்லை” என்றாள். குரல் உடைந்திருந்தது.

போய்ப் பார்த்தேன். கண்ணாடித் தொட்டி, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல், வறண்ட தண்ணீர்க் கிண்ணம், ஒரு பிளாஸ்டிக் குகை. குகைக்குள் ஒரு சாண் நீளத்தில் மஞ்சள் உடம்பும் கரும்புள்ளியுமாக ஒரு சிறுத்தைப் பல்லி. மஞ்சள் என்பது என் ஊகம். தோல் சாம்பல் பூத்துக் கிடந்தது. உரிந்தும் உரியாமலும் நின்ற பழைய தோல் விரல்களில் நூல் கட்டியதுபோல் இறுகியிருந்தது. இமைகள் ஒட்டிப்போயிருந்தன. முள்ளங்கிபோல் பருத்திருக்க வேண்டிய வால், பென்சில் கனத்துக்கு வற்றியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறைத் தராசில் வைத்தேன். 26 கிராம். அந்த நீளத்துக்கு 50 கிராமாவது இருக்க வேண்டும். (அந்தத் தராசு அன்றோடு சமையலறையை விட்டுப் போனது. ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது வீட்டில் முதல் சட்டமாயிற்று.)

நம் சுவர்ப் பல்லிக்கு இது தூரத்துச் சொந்தம். சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது. நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இதற்கு இமை உண்டு, நம்மைப்போலக் கண் சிமிட்டும். இதன் பேரினமான யூப்ளெஃபாரிஸ் என்ற பெயருக்கே கிரேக்கத்தில் ‘நல்ல இமை’ என்று பொருள். விரலடியில் ஒட்டும் தகடு இல்லாததால் சுவரேறத் தெரியாது. தரையோடு தரையாக, பாறை இடுக்கில் வாழ்கிற பிராணி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு வறள்நிலம்தான் இதன் சொந்த ஊர். 1854இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிய எட்வர்ட் பிளைத், கல்கத்தாவில் ஆசியாட்டிக் சொசைட்டியின் அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர். நம் நாட்டிலும் இதன் உறவினங்கள் உண்டு. ஆந்திர, ஒடிசாக் காடுகளிலிருந்து ஒன்றை 2022இல்தான் புதிய இனமென்று பிரித்து விவரித்தார்கள். பிறந்த மண்ணில் இவற்றை விஷப் பல்லி என்று பயந்து அடித்துக் கொல்கிறார்கள். விஷம் ஒரு துளிகூடக் கிடையாது. உலகத்தின் இந்தக் கோடியிலோ, பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்து குழந்தைகளுக்கு விற்கிறார்கள்.

அப்படி விற்கும்போது சொல்லும் வார்த்தையில்தான் எனக்குக் கோபம். ‘பராமரிப்பே தேவைப்படாத செல்லம்’ என்கிறார்கள். நாயைப்போல வெளியே கூட்டிப்போக வேண்டாம், குரைக்காது, முடி கொட்டாது. எல்லாம் சரிதான். ஆனால் நன்றாக வைத்திருந்தால் பதினைந்து, இருபது வருடம் உயிரோடிருக்கும் என்பதைப் பதின்மூன்று வயதுப் பையனிடம் யார் விளக்கினார்கள்? அவன் படித்து முடித்து, வேலை தேடி, கல்யாணம் முடிக்கும்வரை கூடவே வருகிற ஜீவன் அது.

இத்தனை நாள் பட்டினி கிடந்ததைப் பார்த்ததும் என் கை முதலில் போனது சாப்பாட்டுக்குத்தான். காஞ்சிபுரத்திலிருந்து அம்மாவும் தொலைபேசியில் அதையேதான் சொன்னாள்: “வாயில்லாத ஜீவன்டி. எதையாவது கொடு முதல்ல.” நல்லவேளையாக, ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த விலங்கு மருத்துவர் ஒருவரிடம் அன்று மாலையே பேச முடிந்தது. நாய், பூனை பார்க்கிற எல்லோரும் பல்லியைப் பார்ப்பதில்லை. இரண்டு இடங்களில் கையை விரித்துவிட்டார்கள். இவர் சொன்னது ஒன்றுதான்: இன்றைக்குச் சாப்பாடு கூடாது. முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதன் பிறகுதான் தீனி.

விஷயம் இதுதான். நமக்கு உடம்புச் சூடு உள்ளேயிருந்து வருகிறது. பல்லி அதை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வெயிலில் காய்ந்த பாறையின் வெதுவெதுப்பு வயிற்றில் பட்டால்தான் செரிமானம் நடக்கும். கனடா வீட்டுக் குளிர்கால அறை 20 பாகை. அந்தக் குளிரில் விழுங்கிய புழு செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும். தங்கச்சி போட்ட புழுவை அது தொடாததற்கு அதுதான் காரணம். பசி இல்லாமல் அல்ல, சாப்பிட முடியாமல். தொட்டியின் அடியில் மகன் ஒட்டியிருந்த வெப்பப் பாய் நல்ல நிலையில்தான் இருந்தது. “வீட்டில ஆளில்லாத நேரம் தீப்பிடிச்சிடுமெண்டு பயந்து நான்தான் வயரைக் கழட்டினனான்” என்றாள். அந்த ஒரு செருகியைப் பிடுங்கியதில் தொடங்கியது எல்லாம். விசித்திரம் என்னவென்றால், இத்தனை நாள் அதன் உயிரைப் பிடித்துவைத்திருந்ததும் அதே குளிர்தான். குளிரில் உடம்பின் செலவு குறைகிறது. வாலில் சேர்த்துவைத்த கொழுப்பை எடுத்து எடுத்து நாளை ஓட்டியிருக்கிறது.

மணலை முழுக்க அள்ளிக் கொட்டிவிட்டுச் சமையலறைக் காகிதத் துணியை விரித்தேன். பாய்க்கு ஒரு வெப்பக் கட்டுப்படுத்தி வாங்கி, சூடான மூலை 32 பாகையிலும் எதிர்மூலை 24 பாகையிலும் நிற்கும்படி வைத்தேன். கட்டுப்படுத்தி இல்லாத பாய் வயிற்றைச் சுட்டுவிடும். மார்ஜரின் டப்பாவில் ஒரு வாசல் வெட்டி, உள்ளே ஈரக் காகிதம் போட்டு இரண்டாவதாக ஒரு குகை. தோல் உரிக்க ஈரம் வேண்டும். பாலைவனப் பிராணி என்று நினைத்து முழுக்கக் காயவைப்பதுதான் பலர் செய்கிற தவறு. பாறை இடுக்குக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும்.

முதல் இரண்டு நாள், மூக்கு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். கண் திறக்காமலே நாக்கு வெளியே வந்து நக்கியது. மூன்றாம் நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் முட்டி நனையும் அளவுக்குப் பத்து நிமிடம் நிற்கவைத்து, பஞ்சுக் குச்சியால் விரல்களைத் தடவினேன். பிய்த்து இழுக்கக் கூடாது. ஊறி வருவது வரட்டும், மிச்சம் நாளைக்கு. கண்ணில் கைவைக்க எனக்குத் துணிவில்லை. இமைக்குள் அடைந்திருந்த பழைய தோலை மருத்துவர்தான் உப்புநீர் விட்டு எடுத்தார். அரிசிக் குருணை அளவில் இரண்டு துணுக்கு. அதற்குப் பிறகு அது என்னைப் பார்த்தது. அல்லது என் சட்டையை. பல்லியின் பார்வையை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அன்றைக்கு இன்னொன்றும் தெரிந்தது. கீழ்த்தாடையை அவர் விரலால் லேசாக அழுத்தியபோது அது ரப்பர்போல் வளைந்தது. பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதனால் தீனிமேல் கால்சியப் பொடி தூவிக் கொடுக்க வேண்டும். அதை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் ரத்தம் எலும்பிடம் கடன் கேட்கிறது. எலும்பும் கொடுத்துக்கொண்டே இருக்கும், தான் கரைந்துபோகும்வரை. கால் நடுக்கம், வளைந்த தாடை எல்லாம் அந்தக் கடனின் கணக்குத்தான். திரவக் கால்சியம் எழுதிக்கொடுத்தார். நேராகாது, இதற்குமேல் வளையாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

மலத்தையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குடலில் இருந்தாலும் வால் இப்படித்தான் குச்சியாக வற்றும். அதற்கு நம்பகமான மருந்து கிடையாது. அப்படி இருந்தால் இந்தச் சூடும் தண்ணீரும் எதற்கும் உதவாது. ஆனால் அனுப்ப மலம் வேண்டுமே? வயிறு காலி. ஆகவே பத்தியம் தொடங்கியது.

பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக நிறையக் கொடுத்தால், ரத்தத்திலிருக்கும் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் திடுமென்று உயிரணுக்களுக்குள் பாய்ந்துவிடும், இதயம் நின்றேபோகலாம். மனிதருக்கும் அப்படித்தான். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “பிரசவிச்சவளுக்கு அன்னைக்கே விருந்தா போடுறோம்?” என்று உடனே கட்சி மாறிவிட்டாள். மாமிசம் தின்னும் விலங்குகளுக்கான மருத்துவ உணவுத்தூளைத் தண்ணீரில் குழைத்து, மூக்கில் ஒரு பொட்டு. நக்கினால் இன்னொரு பொட்டு. முதல் வாரம் முழுக்க அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் காலை என் மகள் குளியலறைக் கதவைத் தட்டினாள். “அம்மா, போயிருக்கும்மா!” பழுப்பாகக் கொஞ்சம், ஓரத்தில் வெள்ளையாகக் கொஞ்சம், எல்லாம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. அந்த வீட்டில் யாருடைய தேர்வு முடிவுக்கும் இத்தனை சந்தோஷம் வந்ததில்லை. டப்பாவில் அடைத்து அனுப்பினோம். பதில் வரக் காத்திருந்த நாட்களில் நான் அதைத் தராசில் வைக்கவேயில்லை. எடை கூடியிருந்தால் ஆசை வந்துவிடும் என்ற பயம்தான். ஒட்டுண்ணி இல்லை என்று பதில் வந்த மாலை வைத்துப் பார்த்தேன். 28.

அதன் பிறகு சொல்ல அதிகமில்லை. மாவுப்புழு, பிறகு சிறிய சுவர்க்கோழி. டிசம்பர் கடைசியில் 34 கிராம். வலது முன்காலில் இரண்டு விரல் நுனி கருகி உதிர்ந்துவிட்டது. நான் எடுக்கப் பிந்திவிட்ட தோல். வால் மறுபடி முளைக்கும், விரல் முளைக்காது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த பையன் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்தான். “நான் போகேக்க இது குண்டா இருந்தது அன்ரி” என்றான் கடைசியில். நான் அவனைத் திட்டத் தயாராக வைத்திருந்த வாக்கியங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. அவன் அம்மா கதவருகிலேயே நின்றாள். பிறகு அவளே உள்ளே வந்து, கண்ணாடியில் கை வைத்துச் சூடு வருகிறதா என்று பார்த்தாள்.

ஜனவரியில் முதல் வேட்டை. சுவர்க்கோழியைப் பார்த்ததும் தலை தாழ்ந்தது, வால் நுனி மெல்ல ஆடியது, பூனையைப்போல. ஒரே பாய்ச்சல். பூச்சி வாயிலிருந்து நழுவி விழுந்தது. தாடை கோணலாகவே நின்றுவிட்டதால் நான்கில் ஒன்று இன்றைக்கும் நழுவிவிடுகிறது. நழுவியது சில நேரம் தொட்டியை விட்டே துள்ளிவிடும். நேற்றைய எடை 47 கிராம். வால், முள்ளங்கி இல்லாவிட்டாலும் ஒரு பிஞ்சுக் கேரட்.

மார்ச் வந்தும் வெளியே பனி விட்டபாடில்லை. தப்பிய சுவர்க்கோழி ஒன்று குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் குடியேறி ராத்திரி முழுக்கக் கத்துகிறது. என் கணவருக்குத் தூக்கம் போய்விட்டது. போன வாரம் அம்மா பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“என்னடி, சுவர்க்கோழி கத்துது? அங்கே மழையா?”

“இல்லம்மா,” என்றேன். “பல்லியோட சாப்பாடு.”