நூறில் தொண்ணூறு, நூறில் பத்து

ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன் மருத்துவர் சில எண்களைக் கூறுவார். "இந்த அறுவை சிகிச்சைக்கு உட்படுவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நலமாக மீள்கிறார்கள்" என்றால் மனம் ஆறுதல் கொள்கிறது. "நூற்றுக்குப் பத்துப் பேர் இறந்துவிடுகிறார்கள்" என்றால் பேனா பிடித்த கை தயங்குகிறது. இரண்டும் ஒரே செய்திதான். ஆயினும் மனம் அவற்றை ஒன்றாகக் கேட்பதில்லை.

இதனை 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. மருத்துவர் பார்பரா மெக்நீல், உளவியலாளர் அமோஸ் ட்வெர்ஸ்கி, மேலும் இரு மருத்துவர்கள் ஆகியோர் இணைந்து செய்த அவ்வாய்வு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. நுரையீரல் புற்றுநோய் வந்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு பலரிடம் கேட்டார்கள். ஒரு பகுதியினருக்கு உயிருடன் இருப்போர் கணக்குத் தரப்பட்டது: அறுவை சிகிச்சை பெறும் 100 பேரில் 90 பேர் சிகிச்சையைத் தாண்டுவர், ஓராண்டின் முடிவில் 68 பேரும் ஐந்தாண்டின் முடிவில் 34 பேரும் உயிருடன் இருப்பர், கதிர்வீச்சுப் பெறும் 100 பேரும் சிகிச்சையைத் தாண்டுவர், ஓராண்டின் முடிவில் 77 பேரும் ஐந்தாண்டின் முடிவில் 22 பேரும் இருப்பர். மற்றொரு பகுதியினருக்கு இதே எண்களை இறப்போர் கணக்காக மாற்றிக் கொடுத்தார்கள். (இவை அக்கால எண்கள். இன்றைய சிகிச்சைக்கு இவற்றைப் பொருத்திப் பார்க்க வேண்டா.)

உயிருடன் இருப்போர் கணக்கைக் கேட்டவர்களில் நூற்றுக்கு 18 பேர் கதிர்வீச்சைத் தேர்ந்தனர். இறப்போர் கணக்கைக் கேட்டவர்களில் அது 44 ஆக உயர்ந்தது. சிகிச்சையின்போதே பத்துப் பேர் இறப்பர் என்ற சொல் அத்தனை வலிமையாக அச்சுறுத்தியது. இதில் வியப்பு யாதெனில், பங்கேற்றோரில் நோயாளிகளும் மாணவர்களும் மட்டுமன்றி மருத்துவர்களும் இருந்தனர். அவர்களும் இவ்வாறே மாறினர். ஆகவே "நமக்குப் படிப்பில்லை, அதனால்தான் குழம்புகிறோம்" என்று எவரும் தம்மைத் தாழ்த்திக்கொள்ளத் தேவையில்லை.

கதிர்வீச்சைத் தேர்ந்தது தவறு என்பது இதன் பொருளன்று. அறுவை சிகிச்சையில் இடர் தொடக்கத்திலேயே இருக்கிறது, பயன் பின்னர் வருகிறது. அடுத்த சில மாதங்களில் மகளின் திருமணத்தைக் கண்டுவிட வேண்டும் என்று எண்ணும் ஒரு தந்தை, தொடக்க இடர் இல்லாத வழியை நாடுவது முற்றிலும் நியாயமானது. சிறு குழந்தைகளை வளர்க்க வேண்டிய ஒரு தாய் ஐந்தாம் ஆண்டின் எண்ணையே பெரிதாகக் கருதலாம். இவை அவரவர் வாழ்க்கையிலிருந்து எழும் முடிவுகள். அவ்வாறன்றி, எண்ணை எடுத்துரைத்த விதம் மட்டுமே முடிவை மாற்றிவிடுமானால், அங்குதான் கவனம் வேண்டும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டால் மறுபக்கத்தையும் கேளுங்கள்: "நூறு பேரில் எத்தனை பேர் பிழைப்பர், எத்தனை பேர் இறப்பர்? எவ்வளவு காலத்திற்குள்? சிகிச்சையே எடுத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்?" கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. உண்மையில் அதனோடு ஒப்பிட்டால்தான் மற்ற எண்களுக்குப் பொருள் கிடைக்கிறது.

"இரு மடங்கு" என்ற சொல்லையும் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது. 1995இல் பிரிட்டனில் சில வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் இடர் இரு மடங்காகிறது என்று எச்சரிக்கை வெளியானது. அஞ்சிய பெண்கள் பலர் மாத்திரையைக் கைவிட்டனர். விரும்பாத கருவுறுதல்களும் கருக்கலைப்புகளும் கூடின. எண்களைப் பார்த்தால், 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த இடர் இருவருக்கானது. இரு மடங்கு என்பது பொய்யன்று. எதன் இரு மடங்கு என்பதை ஒருவரும் கேட்கவில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உறவினர் கூடும்போது வேறொரு இடர்ப்பாடும் நேர்கிறது. "எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இதே ஆபரேஷனுக்குப் போனார், திரும்பவில்லை" என்று ஒருவர் சொன்னால், மருத்துவர் கூறிய எண்கள் அனைத்தும் மறைந்துவிடுகின்றன. எளிதில் நினைவுக்கு வருவதையே அடிக்கடி நிகழ்வதென மதிப்பிடுவது மனித மனத்தின் இயல்பு. நலமாகத் திரும்பியவரைப் பற்றி யாரும் தாழ்வாரத்தில் கதை சொல்வதில்லை. அக்கதையைப் புறந்தள்ளவும் வேண்டா: அவருடைய வயது என்ன, சர்க்கரை நோய் இருந்ததா, நோய் எந்த நிலையில் கண்டறியப்பட்டது என்று கேட்டு, அது நம்முடைய நிலைக்குப் பொருந்துமா என்பதை மருத்துவரிடமே வினவலாம்.

மாரடைப்பு, பக்கவாதம், கடும் விபத்து போன்றவற்றில் ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. அங்கே நெடிய கலந்தாய்வுக்கு இடமில்லை. ஆனால் மருத்துவமனையில் எடுக்கப்படும் முடிவுகள் பலவற்றுக்கு ஓரிரு நாள் அவகாசம் உண்டு. "இப்போதே முடிவு சொல்ல வேண்டுமா, வீட்டில் பேசிவிட்டு நாளை வரலாமா?" என்று கேட்பதை எந்த மருத்துவரும் தவறாகக் கொள்ளமாட்டார். எண்களை ஒரு தாளில் எழுதித் தருமாறு செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். வீட்டில் அத்தாளை நோயாளியின் கையில் கொடுத்து, முதலில் அவரைப் பேசவிடுங்கள்.