காடாகிப் போன வளவு

வாப்பா மௌத்தாகி, பிள்ளைகள் தொழில் தேடிப் பிரிந்த பின் வீட்டின் பின்வளவு காடாகி விடுகின்றது. ருவான்வெல்லைப் பகுதியில் இத்தகைய வளவுகள் பல. பாம்புக்குப் பயந்து, கூலிக்கு ஆள் பிடித்து, ஒரே நாளில் வெட்டித் தீ வைத்து விடுகின்றோம். அடுத்த மழையில் மேல்மண் குருகொட ஓயாவில் போய்ச் சேர்கின்றது.

சற்றுப் பொறுங்கள். அது காடல்ல, கவனிப்பாரற்ற தோட்டம். உயரே பலா, கித்துள். இடையே கமுகு, சாதிக்காய், கொறக்கா. மரத்தைப் பற்றி மிளகு. நிழலில் இஞ்சி, மஞ்சள். கண்டிய வீட்டுத்தோட்டம் என்று ஆய்வாளர்கள் போற்றும் அடுக்குமுறை இதுவே.

முதலில் வீட்டைச் சுற்றிப் பத்தடியும், நடந்து போக ஒரு பாதையும் துப்புரவாக்குங்கள். மிகுதியை ஆண்டுக்கு ஒரு பகுதியாகப் பாருங்கள். மரங்களை மூடிப் படரும் காட்டுக்கொடிகளை வேரோடு பிடுங்குங்கள். தாழ்ந்த கிளைகளைக் கழித்தால் வெளிச்சம் வரும். சருகை எரிக்காமல் மரத்தடியில் பரப்புங்கள். நீர் தேங்கும் சிரட்டைகளை அகற்றுங்கள். டெங்கு நுளம்புக்கு அதுவே போதும். பலா, ஈரப்பலா மரங்களைத் தறிக்க 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

2016 மே 17இல் நம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் பெருமழையால் மலை சரிந்து ஊர்கள் புதையுண்டன. அத்தகைய சரிவை மரங்கள் மட்டும் தடுத்துவிடா. ஆயினும் அன்றாட மழையில் நம் மண் கரையாமல் வேர்கள் காக்கும்.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவை உண்பதும் அவருக்கு ஸதகா என்பது நபிமொழி. வாப்பா நட்டதில் கத்தி வைக்குமுன் இதனை நினைப்போம்.