உங்களுக்குத் தெரியுமா? சளியைத் தேடி வயிற்றுக்குள்!

காசநோயா என்று பார்க்கப் பெரியவர்களிடம் டப்பாவைக் கொடுத்து, “காறித் துப்புங்க” என்றால் போதும். சின்னப் பிள்ளைக்குக் காறத் தெரியாது. இருமலோடு வரும் சளியை அப்படியே விழுங்கிவிடும். அதனால் டாக்டர்கள் வயிற்றுக்கே போகிறார்கள். விடியற்காலையில், வெறும் வயிற்றில், பிள்ளை எழுந்து நடமாடும் முன்பே மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, இரவெல்லாம் விழுங்கிய சளியை இரைப்பை நீரோடு சிரிஞ்சால் உறிஞ்சுவார்கள். பிள்ளை ஊரைக் கூட்டும். பிடித்துக்கொள்ளும் அம்மாவுக்கும் கண் கலங்கும்.

விழுங்கிய கிருமி மலத்தோடுதானே வெளியேற வேண்டும்? மலத்தில் அதன் மரபணுவைத் தேடும் எக்ஸ்பெர்ட் சோதனையையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் ‘கிருமி இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தாலும் நம்பி உட்கார முடியாது. பிள்ளைகள் உடம்பில் கிருமி கொஞ்சமாகத்தான் இருக்கும். எக்ஸ்ரே, எடை, வீட்டில் வேறு யாருக்காவது காசநோயா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் மருந்து தொடங்குவார்கள்.

நோய் முற்றாத பிள்ளைகளுக்கு 6 மாதத்துக்குப் பதில் 4 மாத மருந்தே போதும் என்று காட்டியது ‘ஷைன்’ ஆய்வு. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலுமாக 1,204 பிள்ளைகள் அதில் பங்கேற்றார்கள். ஆய்வு நடந்த ஊர்களில் சென்னையும் ஒன்று.