சுளகின் முன்னே ஒரு பரீட்சை

கொழும்புத்துறை இறங்குதுறைக்குச் சமீபத்தில் வசிக்கும் ஆச்சியார் ஒருவரைக் கண்டு பேசினோம். ஒரு கண்ணிற் புரை நீக்கி ஆறு மாதமாகிறது. “இப்போது பார்வை எப்படி, ஆச்சி?” என்று வினவினோம்.

“வெளிச்சம் தெரியுது, பிள்ளை. அரிசிக்கை கிடக்கிற கல்லுத்தான் தெரியேல்லை.”

சிகிச்சைக் குறிப்பில் அவர் குணமடைந்தவர். சுளகின் முன்னே அல்லர்.

நோய் தீர்ந்த பின்னரே, மனமுவந்து கொடுப்பதைப் பெற்றுக்கொண்ட பரியாரிமாரைப் பற்றி நம் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வெண்ணமே இன்று பெருங்கணக்காய் உலகிற்குத் திரும்பியுள்ளது. ஆபிரிக்காவின் கமரூன் நாட்டுக் கண் ஆஸ்பத்திரி ஒன்றுக்காக 2018 இல் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. கடனாக வந்த பணத்தில் ஆஸ்பத்திரி இயங்கும். எத்தனை சத்திர சிகிச்சை நடந்தது, பார்வை எவ்வளவு தேறியது என்று பார்த்தே கொடையாளர் பணம் தருவர்.

அந்த ஆஸ்பத்திரிக்கு முன்மாதிரி நம் அயலிலுள்ள மதுரை. அங்கே 1976 இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். கண்ணினுள் வைக்கும் வில்லை அந்நாளில் வெளிநாட்டிலிருந்து நூறு டொலரளவு விலையில் வந்தது. 1992 இல் அவர்களே ஓரோலாப் என்னும் தொழிற்சாலை அமைத்துப் பத்து டொலரளவில் அதனைச் செய்தனர். பலனுக்கே கூலி என்றால், விலையுயர்ந்த பொருளால் இலாபமில்லை. மலிவாய், பழுதின்றி வேலை செய்யும் பொருளே வேண்டும்.

ஆனால் பலனை அளப்பவர் யார்? சிகிச்சை செய்தவரே புள்ளியும் போடுவது, மாணாக்கனே தன் விடைத்தாளைத் திருத்துவது போலாகும். இதற்கும் கருவியுண்டு. அன்ட்ரூ பஸ்தாவ்ரஸ் என்னும் கண் வைத்தியரும் கூட்டத்தாரும் கைத்தொலைபேசியிலேயே பார்வையை அளக்க வழிசெய்து, கென்யாவில் வீடுவீடாகச் சோதித்து, 2015 இல் முடிவை வெளியிட்டனர். திரையில் ஆங்கில ‘ஈ’ எழுத்து பல திசையில் திரும்பித் தோன்றும். அது நோக்கும் திசையைக் கையாற் காட்டினாற் போதும். எழுத்தறியாதவரையும் திண்ணையிலிருந்தே சோதிக்கலாம், வைத்தியரே வரவேண்டுமென்பதில்லை.

இங்கேதான் நமக்கொரு மனக்குறை. இத்தகைய சோதனை தூரப் பார்வையையே அளக்கிறது. சாதாரண வில்லை தூரத்துக்கென்றே பொருத்தப்படுவது. அருகிற் பார்க்கக் கண்ணாடி வேண்டும். தூரப் பார்வைக்கு மாத்திரம் பணமென்றால், கண்ணாடியை நினைப்பவர் எவர்? இன்னொரு பொல்லாப்பும் உண்டு. நீரிழிவால் விழித்திரை கெட்டவருக்குப் புரையை நீக்கினாலும் பலன் குறையலாம். எளிய கண்களைத் தெரிந்தெடுத்து அத்தகையோரைத் திருப்பியனுப்பும் சபலம் எழாதா? முன்னிருந்த நிலையையும் கருவி பதியவேண்டும். கடினமான கண்ணுக்குக் கூலியும் கூடவேண்டும்.

நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பணம் கேட்பதில்லை. ஆகையால் ஆச்சியாரிடம் கூலிக் கணக்கைப் பேசவில்லை. நமது வாசிப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தோம். அணிந்துகொண்டு சுளகை மடியில் வைத்தவர், இரண்டு கல்லைப் பொறுக்கி முற்றத்தில் எறிந்தார். கண்ணாடியைத் திருப்பித் தரச் சற்றே தயங்கினார்.