கழிவுநீரில் ஒரு கல்யாணப் பந்தி!



"சாக்கடைத் தண்ணிய எப்படிப்பா சுத்தம் பண்றாங்க?" என்று எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் என்னிடம் கேட்டார். "பாக்டீரியா அழுக்கை எல்லாம் தின்னுடும் தாத்தா" என்று பெருமையாகச் சொன்னேன். சிவில் டிப்ளமோ படிக்கிற பையன் ஆச்சே! அந்தப் பதில் பாதிதான் சரி என்பது, ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போனபோதுதான் எனக்கு உறைத்தது.

லேபில் எனக்குக் கொடுத்த வேலை, சுத்திகரித்து வெளியே வரும் நீரைச் சோதிப்பது. அதை வடிகட்டி, கரைந்திருப்பதை மட்டும் அளக்க வேண்டும். நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய பொருளைக் காட்டுவது பி.ஓ.டி. 27 டிகிரி செல்சியஸில் 3 நாள் வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று பார்ப்போம். தின்னக்கூடியது, தின்ன முடியாதது இரண்டையும் சேர்த்துக் காட்டுவது சி.ஓ.டி. இதற்கு டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து 2 மணி நேரம் கொதிக்க வைப்போம்.

எனக்கு வந்த பி.ஓ.டி. லிட்டருக்கு 8 மில்லிகிராம். சபாஷ்! ஆனால் சி.ஓ.டி.? 46! எல்லாத்தையும் பாக்டீரியா தின்னுருச்சுன்னா இது எங்கிருந்து வந்தது? டைட்ரேஷனில் கோட்டை விட்டுட்டோமோ என்று மறுபடியும் செய்தேன். 45. கூட வந்த நண்பன், "பேசாம 15-னு எழுதிடுடா, யாரு பார்க்கப் போறா?" என்றான். நானும் ரப்பரைக் கையில் எடுத்துவிட்டேன். நல்ல வேளை, கெமிஸ்ட் சார் வந்து நோட்டைப் பார்த்தார். "ரீடிங் சரிதான் தம்பி. நீ நெனச்சதுதான் தப்பு" என்றார். அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் படித்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

முதலில், பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது. குளுக்கோஸ், அசிட்டிக் அமிலம் போன்ற சின்ன மூலக்கூறுகள்தான் அதன் செல் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். மாவுச்சத்து, புரதம் எல்லாம் அதுக்குப் பெரிய சைஸ். சோற்றை நல்லா மென்றால் இனிக்கிறது இல்லையா? நம் எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால்தான். பாக்டீரியாவும் இப்படி நொதிகளால் உணவைத் தன் உடம்புக்கு வெளியிலேயே உடைத்து, பிறகு உள்ளே இழுத்துக்கொள்கிறது.

உள்ளே போனது என்ன ஆகிறது? ஏறக்குறைய பாதி, ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறுகிறது. அதில் சக்தி கிடைக்கிறது. மீதிப் பாதி, புதிய பாக்டீரியா உடம்பாகிறது. அதாவது, கரைந்திருந்த அழுக்கு முழுக்க அழிந்து போவதில்லை; வேஷம் மாறுகிறது! கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்தது, பழுப்பு நிறத் திரளாகிப் படிவுத் தொட்டியில் அடியில் தங்குகிறது. அதுதான் ஸ்லட்ஜ். பிளோயர் இரவு பகலாக ஓடுவதும், காற்றூட்டும் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் இந்த வேலைக்காகத்தான்.

அந்த ஸ்லட்ஜில் ஒரு பகுதியைத் திரும்பவும் காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்புகிறோம். நேற்றைய தயிரை உறை ஊற்றுகிற மாதிரி! இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் 1914-இல் இந்த முறையை வெளியிட்டார்கள். படிந்த ஸ்லட்ஜைக் கொட்டாமல் வைத்து, புதுக் கழிவுநீரை மேலே விட்டுக் காற்றூட்டினார்கள். வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது.

சரி, என் 46-க்கு வருவோம். கல்யாணப் பந்தியில் பலகாரம் எல்லாம் காலியானாலும் எச்சில் இலை மிஞ்சுமே! பாக்டீரியாவும் அப்படித்தான். வளரும்போது சில பொருள்களை வெளியே விடுகிறது. செத்து உடையும்போது உள்ளே இருந்த புரதம், சர்க்கரைத் தொடர்கள் எல்லாம் நீரில் கரைகின்றன. இவற்றைத் தின்ன ரொம்ப நாள் ஆகும். எனவே பி.ஓ.டி.யில் அதிகம் தெரியாது, சி.ஓ.டி.யில் மாட்டிக்கொள்ளும். ஹியூமிக் பொருள்கள் போல, வந்தபடியே பெரும்பாலும் தப்பிப் போவதும் உண்டு. ஆக, வெளியேறும் நீரில் கரைந்திருப்பது, உள்ளே வந்த அழுக்கின் மிச்சம் மட்டும் இல்லை. அதில் பெரும்பங்கு நுண்ணுயிர்களே புதிதாக உண்டாக்கியது!

இது வெறும் பரீட்சை விஷயம் இல்லை. சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019-இல் தொடங்கிய ஆலைகள், ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை, சுத்திகரித்த கழிவுநீரை மறுபடியும் சவ்வுகள் வழியே வடித்துத் தொழிற்சாலைகளுக்குத் தரக் கட்டப்பட்டவை. இந்த மாதிரிச் சவ்வுகளில் பிசுபிசுவென்று ஒட்டி அடைப்பது, பந்தியில் மிஞ்சிய இந்தப் புரதமும் சர்க்கரைத் தொடர்களும்தான். பி.ஓ.டி. மட்டும் பார்த்து, சி.ஓ.டி.யை அழித்து எழுதினால் அடைப்பு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

நண்பர்களே! நாளை நாமும் ஏதாவது ஒரு ஆலையில் லாக் புக்கில் கையெழுத்துப் போடுவோம். நாம் நினைத்ததும் ரீடிங்கும் ஒத்துவரலைன்னா, ரப்பரை எடுக்காதீர்கள். மறுபடி ஒருமுறை சோதியுங்கள், அப்புறம் காரணத்தைத் தேடுங்கள். என் ரெக்கார்டில் 46 அப்படியே இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அந்தத் தாத்தாவுக்கு மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும்!